வெள்ளை எலியின் மூச்சு நோய்

நெல் மூட்டையைக் கடிக்கும் எலியை நேயர்கள் யாவரும் அறிவர். அதன் உறவினம் ஒன்று, வெண்மயிரும் செங்கண்ணும் உடையதாய், மனிதன் அமைத்த கூட்டிலே பிறந்து, அவன் இடும் தீனை உண்டு, அக்கூட்டிலேயே இறக்கின்றது. உயிர்ச்சத்துக்களைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுட் பல அவ்வெலி தந்தவை. அமெரிக்காவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் மக்கொலம் என்பார் 1908ஆம் ஆண்டளவில் வெள்ளை எலிகளை வளர்க்கத் தொடங்கினார். பின்னர் உயிர்ச்சத்து ஏ எனப் பெயர் பெற்ற பொருளை அவரும் மார்கரீட் டேவிஸ் அம்மையாரும் 1913இல் வெளிப்படுத்தினர். பிலடெல்பியா நகரின் விஸ்ரார் நிலையத்தில் ஹெலன் டீன் கிங் அம்மையார் 1909 முதல் உடன்பிறந்த எலிகளையே தலைமுறைதோறும் இணைத்து, ஒரே சீரான இனத்தை உண்டாக்க முனைந்தார்.

இத்தகைய எலிப்பண்ணைகளில் அழையா விருந்தாளியாக ஒரு நோய் குடிபுகுந்திருந்தது. முதலில் வெறுந் தும்மல். பின்னர் மூக்கிலே கரகரப்பு. நோய் முற்றினால் எலி மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, மெலிந்து மூலையில் ஒடுங்கும். உட்செவியில் நோய் பற்றினால் தலை ஒருபுறம் சாயும். எலி மூக்கினாலன்றி வாயினால் மூச்சுவிடும் இயல்புடையதன்று. ஆகவே மூக்கு அடைபட்டால் அதன் பாடு பெரும்பாடு. கண்ணையும் மூக்கையும் சுற்றிச் செந்நிறக் கறை படிதலும் உண்டு. இரத்தமோ என்று புதியவர் அஞ்சுவர். அது கண்ணின் பின்னுள்ள சுரப்பி கசியும் நிறப்பொருளேயாகும். எலி எவ்வகைத் துன்பம் உற்றாலும் அது தோன்றும்.

எலி தும்மினால் உலகுக்கு என்ன நட்டம் என்று சிலர் நகைக்கக்கூடும். உயிர்ச்சத்துக் குறைந்த உணவை உண்ட எலி இறந்தது. அறுத்துப் பார்த்தால் நுரையீரலிலே சீழ். அது உணவின் குறையா, பண்ணையில் முன்பே இருந்த நோயா? விடை தெரியாவிடின் பல மாதப் பரிசோதனை பாழ். மனிதருக்குரிய மருந்தும் உணவும் இவ்வெலிகளைக் கொண்டே அளக்கப்பட்டமையால், அளவுகோலே கோணியிருந்தது எனலாம்.

நோயின் காரணியை நெருங்கியவருள் ஒருவர் எம்மி கிளீனபேகர் அம்மையார். நாற்சி ஆட்சியினால் ஜெர்மனியில் பதவி இழந்து 1933இல் இலண்டன் சேர்ந்த அவர், அங்கே லிஸ்ரர் நிலையத்தில் எலிகளின் நோயுற்ற நுரையீரலிலிருந்து மிக நுண்ணிய கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்து 1937இல் அறிவித்தார். இன்று அதன் பெயர் மைக்கோபிளாஸ்மா புல்மோனிஸ். இக்கிருமிக்குச் சுவர் இல்லை. கிருமியின் சுவரைத் தாக்கும் பெனிசிலின் இதனிடம் தோற்பதற்கு அதுவே காரணம். ரெட்ராசைக்கிளின் வகை மருந்துகள் நோயை அடக்குமேயன்றிக் கிருமியை அடியோடு அகற்றுவதில்லை. மருந்து கொடுத்துத் தும்மல் நின்றதும் அந்த எலியையே இனப்பெருக்கத்துக்கு விடுவோர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கின்றனர்.

கிருமி இருந்தும் எலி நலமாய்த் தோன்றக்கூடும். அந்த அமைதியைக் குலைப்பது பெரும்பாலும் கூட்டின் காற்றே. சிறுநீர் ஊறிய படுக்கையிலிருந்து எழும் அமோனியா நோயைக் கடுமையாக்குகின்றது என்பதை அமெரிக்க ஆய்வாளர் 1976இல் பரிசோதனையால் நிறுவினர். காற்றின் பத்து இலட்சம் பங்கில் 25 பங்கு அமோனியா இருந்தபோதே வேறுபாடு புலப்பட்டது. எலிகளோடு நாள்முழுதும் இருப்பவனுடைய மூக்கு அந்நாற்றத்துக்குப் பழகி மரத்துவிடும். வெளியிலிருந்து உள்ளே நுழையும் முதற்கணத்தில் மூக்கு கூறுவதையே அவன் நம்புதல் வேண்டும். நெருக்கத்தைக் குறைத்து, ஈரமான மரச்சீவலை அடிக்கடி மாற்றி, காற்றோட்டம் அமைத்தல், எந்த மருந்துக்கும் முற்பட்ட வேலை.

இனப்பெருக்கத்துக்கு எலிகளைத் தெரிதலில் ஒரு சிக்கல் உண்டு. பெண்ணெலி மூன்று நான்கு மாதத்தில் தாயாகத் தகும்; சினைக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம். நோயின் கடுமையோ பெரும்பாலும் முதுமையில் வெளிப்படுவது. எனவே நலமுள்ளதென எண்ணிச் சேர்த்த தாய், ஒன்றரை வயதில் இளைக்கத் தொடங்கும்போது, அவளுடைய பேரக்குட்டிகளும் குட்டிகளை ஈன்றிருக்கும். ஆகவே கைதேர்ந்த வளர்ப்பாளன் இளங்குட்டியின் பளபளப்பைக் கண்டு மயங்குவதில்லை. அதன் பாட்டன் பாட்டி எத்தனை மாதம் வாழ்ந்தன, எவ்வாறு மூச்சுவிட்டன, எதனால் இறந்தன என்று தன் பதிவேட்டைப் புரட்டுகின்றான். பதிவேடு இல்லாத பண்ணையில் தெரிவு என்பது குருட்டாட்டமே.

தாயிடமிருந்தே குட்டிகளுக்கு நோய் தொற்றுவதால், குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் வழியொன்றும் காணப்பட்டது. ஈனுந் தறுவாயில் தாயின் கருப்பையை அறுத்தெடுத்து, கிருமிகொல்லி நீரினூடாகத் தூய அறைக்குட் செலுத்தி, அங்கே குட்டிகளை வெளியெடுத்து, நோயற்ற வளர்ப்புத் தாயிடம் விடுவர். 1950களின் பின் ஆய்வுகூடப் பண்ணைகள் பல இவ்வாறே தூய்மையடைந்தன. ஆயினும் இக்கிருமி சில வேளை கருப்பையிலும் தங்குவதால், அவ்வாறு பிறந்த குட்டிகளையும் சோதித்தே ஏற்றல் வேண்டும்.

வீட்டிலே சில எலிகளை வளர்ப்பவனுக்கு இத்தகைய வசதிகள் இல்லை. புதிதாக வந்த எலியை வேறு கூட்டில் மாத்திரமன்றி, வேறு காற்று வழங்கும் வேறு அறையிலே சில வாரம் வைத்து, பழைய எலிகளைப் பேணிய பின்னரே அதனிடம் செல்லுதல் அவனால் இயலும். அக்காலம் முழுதும் அது தும்மாதிருந்தாலும் கிருமி இல்லையென்று துணிதல் ஆகாது. இரத்தச் சோதனை ஓரளவு உறுதி தரும். பல ஆண்டு பேணிய பண்ணைக்குள் ஒரே ஓர் எலியைச் சோதியாது சேர்த்தவன், மீண்டும் முதற் சோடியிலிருந்தே தொடங்க நேரிடும்.