மவ்த்து வீட்டில் கேட்கப்படும் கேள்விகள்

(அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதி இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

இன்று நான் பேசப் போகும் விஷயத்தை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பே மண்டபம் பார்க்கிறோம். கடை திறப்பதென்றால் அட்வான்ஸ், பட்டியல், விளம்பரம் என்று எல்லாம் முன்கூட்டியே யோசிக்கிறோம். ஆனால் எந்த வீட்டுக்கும் வராமல் போகாத மவ்த்துக்கு மட்டும் நம்மிடம் எந்த ஏற்பாடும் இல்லை. "அப்போது பார்த்துக் கொள்ளலாம்" என்கிறோம். அந்த 'அப்போது' வரும்போது பார்க்கும் நிலையில் யாரும் இருப்பதில்லை. அழுகைதான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு நள்ளிரவில் எனக்கு போன் வந்தது. தென் மாவட்டத்திலிருந்து வந்து ஆவடிப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர். "பாய், வாப்பா மவ்த்தாயிட்டாங்க. எங்கே அடக்குறதுன்னு தெரியல" என்றார். தந்தையை இழந்தவன் கேட்க வேண்டிய கேள்வியா இது? விடிந்ததும் பள்ளிவாசலுக்குப் போனோம். "எந்த ஜமாஅத்? சந்தா ரசீது இருக்கா? யாராவது தெரிந்தவர் கையெழுத்துப் போடுவாரா?" என்று கேட்டார்கள். அங்கே பேசி, இன்னொரு பள்ளிக்குப் போய், ஆட்களைப் பிடித்து, கடைசியில் அஸருக்குப் பிறகுதான் அடக்கம் நடந்தது. இரவு பதினோரு மணிக்கு உயிர் பிரிந்தவரை மறுநாள் மாலை வரை வைத்திருந்தோம்!

குற்றம் ஜமாஅத்தின் மீது மட்டுமா? அந்தச் சகோதரர் பதினோரு வருடம் அதே தெருவில் குடியிருந்தவர். ஜும்ஆவுக்கு வருவார், சலாம் கொடுத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடுவார். நிர்வாகிகளுக்கு அவர் பெயர் தெரியாது. அவருக்கும் நிர்வாகிகளின் பெயர் தெரியாது. இரண்டு பக்கமும் தவறு இருந்தது. இடையில் காத்துக் கிடந்தது ஒரு மையித்து.

நம் பகுதியின் நிலை

நம் பகுதிக்கு இது புதிய கதை அல்ல. பூந்தமல்லி பழைய ஊர். ஆனால் 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்த பிறகு, வேலை தேடியும் வியாபாரம் தேடியும் வந்து குடியேறியவர்கள் ஏராளம். நெல்லையிலிருந்து, இராமநாதபுரத்திலிருந்து, வேலூர் பக்கத்திலிருந்து வந்தோம். வீடு பிடித்தோம், கடை பிடித்தோம், பள்ளிக்கூடம் பிடித்தோம். மஹல்லாவை மட்டும் பிடிக்கவில்லை. கேட்டால், "நமக்கு ஊரில் ஜமாஅத் இருக்கு" என்கிறோம். இங்கிருந்து நெல்லை 600 கிலோ மீட்டருக்கு மேல். வண்டி பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ஒரு முழுப் பகலோ முழு இரவோ போய்விடும். ஜனாஸாவைத் தாமதிக்காமல் விரைவுபடுத்தச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். பிறந்த ஊர் மண் என்ற பாசத்துக்காக அந்த வழிகாட்டலை விடலாமா? இறந்த ஊரிலேயே அடக்குவதில் எந்தக் குறைவும் இல்லை. இதைக் குடும்பத் தலைவர் உயிரோடு இருக்கும்போதே வீட்டாரிடம் சொல்லி வைத்துவிட்டால், அந்த நேரத்தில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் இழுக்க மாட்டார்கள்.

இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2020-ல் பார்த்தோம். அந்த ஆண்டு ஏப்ரலில், கொரோனாவால் சென்னையில் இறந்த நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை நம் அம்பத்தூர் பகுதி மயானத்துக்குக் கொண்டு வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. உடல் திரும்பிப் போனது. அதே மாதம் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடலை அடக்கச் சென்றவர்கள் தாக்கப்பட்டார்கள். கண்ணியமான அடக்கமும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. தொற்று நோயில் இறந்தவரின் அடக்கத்தைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று தமிழக அரசு அவசரச் சட்டமே கொண்டு வந்தது. அந்த நாட்களில் சாதி மதம் பாராமல் உடல்களைச் சுமந்து அடக்கியவர்களில் நம் சமுதாய இளைஞர்கள் முன்வரிசையில் நின்றார்கள். ஊருக்கே தோள் கொடுத்தவர்கள் நம் மஹல்லாவுக்குள் ஒரு ஒழுங்கை ஏற்படுத்த முடியாதா? சிந்தியுங்கள்!

முதல் ஒரு மணி நேரம்

வீட்டில் ஒருவர் மூச்சு நின்றுவிட்டதாகத் தோன்றினால் என்ன செய்வது? உயிர் இருக்கிறது என்ற சந்தேகம் சிறிதளவு இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். ஆனால் 108 உயிரோடு இருப்பவர்களுக்கான வண்டி, ஜனாஸாவை ஏற்றாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இறந்தால், உடலை வீட்டுக்குக் கொண்டுவர அரசின் இலவச அமரர் ஊர்தி உண்டு. எண் 155377. இது தெரியாமல் மருத்துவமனை வாசலில் நிற்கும் வண்டிக்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டு வருகிற ஏழைகள் நம்மில் எத்தனை பேர்!

நீண்ட நாள் படுக்கையில் இருந்த பெரியவர் வீட்டிலேயே இறந்தால், அவரைப் பார்த்து வந்த மருத்துவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கடைசி நோயில் சிகிச்சை அளித்த மருத்துவர் மரணக் காரணச் சான்றைக் கட்டணம் வாங்காமல் தர வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். அதற்காகத்தான் சொல்கிறேன்: மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். முன்பின் பார்த்திராத மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், "கொண்டு வரும்போதே இறந்திருந்தார்" என்று எழுதி, காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்க நேரிடலாம். பிறகு நம் கையில் எதுவும் இல்லை.

விபத்து, தற்கொலை, மின்சாரம் தாக்கியது, சந்தேகமான மரணம் என்றால் போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் சட்டப்படி உண்டு. நம் பகுதியிலிருந்து பெரும்பாலும் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் அனுப்புகிறார்கள். அங்கே போய்க் கூச்சல் போடுவதாலோ, அரசியல் பிரமுகரைக் கொண்டு போன் போடச் சொல்வதாலோ வேலை விரைவாக நடக்காது. நிதானமுள்ள ஒருவர் காவல் நிலையத்தில், இன்னொருவர் மருத்துவமனையில், இருவர் கையிலும் இறந்தவரின் ஆதார் நகல். இப்படி நின்றால் பாதி நேரம் மிச்சம். அதற்குள் பள்ளியில் கபர் தோண்டும் வேலையைத் தொடங்கிவிடலாம்.

யார் குளிப்பாட்டுவது?

குளிப்பாட்டுவது, கஃபனிடுவது, தொழுவது, அடக்குவது ஆகியவை ஃபர்ளு கிஃபாயா. சிலர் செய்தால் எல்லோர் கடமையும் நீங்கும், யாரும் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளி. ஆனால் நடைமுறை என்ன? ஒரு பள்ளிக்கு ஒரு பெரியவர்தான் மையித்தைக் குளிப்பாட்டத் தெரிந்தவர். அவர் வெளியூர் போயிருந்தால் அவ்வளவுதான். பெண் மையித்து என்றால் இன்னும் சிரமம். இரவு இரண்டு மணிக்கு மூன்று மஹல்லா தேடியும் குளிப்பாட்டப் பெண் கிடைக்காமல் தவித்த வீடுகள் உண்டு. தன் தாயைக் குளிப்பாட்டத் தெரியாமல் மகள் மூலையில் நின்று அழுவது நமக்குப் பெருமையா?

ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து துணி. கற்பூரம், இலந்தை இலை, சோப்பு, பஞ்சு, கையுறை. இவ்வளவுதான் பொருள். இவற்றை ஒரு பெட்டியில் தயாராக வைக்க எந்தப் பள்ளிக்கும் பெரிய செலவில்லை. துணிக்கடை வைத்திருக்கும் வியாபாரிகளே! வருடத்துக்குச் சில கஃபன் துணிகளை உங்கள் பள்ளிக்குக் கொடுத்து வையுங்கள்.

தாள் வேலை

அடக்கம் முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். 21 நாட்களுக்குள் மரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம். 30 நாள் தாண்டினால் அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி. ஒரு வருடம் தாண்டினால் நிர்வாக நடுவரின் உத்தரவு வேண்டும். எங்கே பதிவது? குடியிருந்த ஊரில் அல்ல, உயிர் பிரிந்த ஊரில். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. ஆவடியில் வாழ்ந்தவர் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் இறந்தால் பதிவு சென்னையில். இது தெரியாமல் ஆவடி அலுவலகத்துக்கு நாலு தடவை அலைந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, பெயர்! ஆதாரில் 'முகமது', வங்கியில் 'முஹம்மது', ரேஷன் கார்டில் 'முகம்மத்', பத்திரத்தில் வீட்டுப் பெயர். 'பீவி' ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. இறப்புச் சான்றிதழில் எழுத்து மாறினால் வாரிசுச் சான்றிதழ், வங்கிப் பணம், கடை ஒப்பந்தம் எல்லாம் நிற்கும். மருத்துவமனைப் படிவத்தை அழுகையோடு அழுகையாக யாரோ ஒரு பையன் நிரப்பும்போதுதான் இந்தத் தவறு பிறக்கிறது. ஆதாரைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள்.

கேட்டால் கிடைக்கும் உதவிகளும் உண்டு. தொழிற்பேட்டையில் வேலை பார்த்து இ.எஸ்.ஐ.யில் இருந்தவர் இறந்தால் அடக்கச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை தருகிறார்கள். மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். பி.எஃப். கணக்கோடு சேர்ந்த காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் வரை குடும்பத்துக்கு உண்டு. வணிகர் நல வாரியம் 1989 முதல் இருக்கிறது. உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு உதவி உண்டு. நம் கடைக்காரர்களில் எத்தனை பேர் அதில் உறுப்பினர்?

கடன் நோட்டும் விருந்தும்

வியாபாரிகளே, இது உங்களுக்கு! ஜனாஸா கொண்டுவரப்பட்டால், "இவர் மீது கடன் உண்டா?" என்று கேட்டார்கள் நபி (ஸல்) அவர்கள். கடன் இருந்த ஒருவருக்குத் தொழுவிக்கத் தயங்கியபோது, அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழுவித்தார்கள். நம் வியாபாரமோ வாய்க் கணக்கிலும் துண்டுச் சீட்டிலும் ஓடுகிறது. யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடம் வர வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி, அது எங்கே இருக்கிறது என்று மனைவிக்கோ மகனுக்கோ சொல்லுங்கள். இறந்தவரின் சொத்திலிருந்து முதலில் அடக்கச் செலவு, அடுத்து கடன், அதன் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வசிய்யத், அதன் பிறகே வாரிசுப் பங்கு. வங்கியில் நாமினியாகப் பெயர் எழுதியவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே. அதனால் அவர் ஒருவரே உரிமையாளராகிவிட மாட்டார். பெண் மக்களின் பங்கு அப்படியேதான் இருக்கிறது.

ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, அவர் குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். இன்று நாம் தலைகீழாக்கிவிட்டோம். அழுகிற வீட்டில் அண்டா ஏற்றி, மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் என்று ஊரே சாப்பிட்டுவிட்டு வருகிறோம். வட்டிக்கு வாங்கி பிரியாணி போட்ட விதவைகள் நம் மஹல்லாவில் இல்லையா? அந்தச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், "வேண்டாம் மச்சான், அந்தப் பணத்தை வாப்பாவின் கடனுக்குக் கொடு" என்று சொல்லும் துணிச்சல் நமக்கு வேண்டும்.

என்ன செய்யப் போகிறோம்?

ஜமாஅத் நிர்வாகிகளுக்குப் பணிவோடு ஒரு வேண்டுகோள். சந்தா பாக்கி என்பது கணக்கு. மையித்து என்பது கடமை. பாக்கியைப் பிறகு வசூலியுங்கள், ஜனாஸாவை வாசலில் நிறுத்தாதீர்கள். கபரஸ்தானுக்கான கட்டணத்தை எழுதிப் பலகையில் மாட்டுங்கள். ஏழைக்கு இலவசம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். கபர்களைச் சிமெண்ட் பூசிக் கட்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். கட்டிய ஒவ்வொரு கபரும் நாளை வரும் ஒருவரின் இடத்தை அடைக்கிறது. கபரஸ்தான் நிலத்தின் பத்திரம், பட்டா, வக்ஃபு வாரியப் பதிவு மூன்றும் சரியாக இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். நினைத்த காலி மனையில் அடக்கம் செய்யச் சட்டம் இடம் தராது. இருக்கிற இடத்தைக் காப்பாற்றுவதுதான் வழி.

குடியேறிய சகோதரர்களே! வரும் ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் கூடுதலாகப் பள்ளியில் இருங்கள். நிர்வாகியைப் பார்த்துப் பெயர், முகவரி, குடும்ப எண்ணிக்கை கொடுத்துப் பதியுங்கள். வாடகை வீடு மாறினால் புதிய மஹல்லாவிலும் பதியுங்கள்.

இளைஞர்களே! பள்ளிக்கு ஆறு பேர் போதும். குளிப்பாட்டத் தெரிந்த இருவர், அலுவலக வேலை தெரிந்த இருவர், வண்டிக்கும் கபருக்கும் இருவர். பெண்களில் நான்கு பேருக்கு ஆலிமாவைக் கொண்டு பயிற்சி கொடுங்கள். இந்தப் பெயர்களையும் எண்களையும் பள்ளி வாசலில் எழுதி மாட்டுங்கள்.

அன்று எனக்கு போன் செய்த அந்த ஆவடிச் சகோதரர் இப்போது தன் மஹல்லாவில் இந்த வேலையைத்தான் செய்கிறார். இரவு எந்த நேரம் கூப்பிட்டாலும் வருகிறார். "எங்கே அடக்குறதுன்னு இன்னொருத்தன் கேட்கக் கூடாது பாய்" என்கிறார். அவருக்கு அந்தப் பாடத்தைக் கற்றுத்தர அவர் வாப்பாவின் ஜனாஸா காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. நமக்கு அது வேண்டாம். இன்றே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.