இரகசியத்தைக் காக்க வேண்டியவர் யார்?

(ஹம் நகரில் நடந்த இலக்கிய மாலையில் ஆற்றப்பட்டு, நேரலையாகவும் ஒளிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)

அம்மன் கோவில் தேருக்கு ஹம்முக்கு வந்து பழகியவர்கள் நாங்கள். இன்றைக்கு ஒரு சட்டக் கேள்வியைக் கதைக்கக் கூடியிருக்கிறோம். அரசாங்கம் இரகசியம் என்று முத்திரை குத்திய ஒன்றை ஒரு பத்திரிகை வெளியிட்டால், அந்தப் பத்திரிகை மீது வழக்குப் போடலாமா?

இது வேறு யாருடையதோ பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2010 டிசம்பரை ஞாபகப்படுத்திப் பாருங்கள். விக்கிலீக்ஸ் வெளியிட்ட அமெரிக்கத் தூதரகத் தகவல்களில் ஒன்று கொழும்பிலிருந்து போனது. அந்த ஆண்டு ஜனவரியில் தூதர் பற்றீசியா பியூட்டெனிஸ் எழுதியது. போர்க்குற்றங்கள் எனச் சொல்லப்படுபவற்றில் பலவற்றுக்கான பொறுப்பு நாட்டின் மேல்மட்டத்திடம் இருக்கிறது, அதில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவும் சகோதரர்களும் எதிரணி வேட்பாளர் பொன்சேகாவும் அடக்கம் என்பது அதன் சாரம். அன்றிரவு என் தொலைபேசி ஓயவில்லை. வெளியிட்டவர்களைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று எங்களில் ஒருவராவது சொன்னோமா? ஆனால் ஜூலியன் அசாஞ்ச், 2024 ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் உளவுச் சட்டத்தின் கீழ் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகுதான் வீடு போய்ச் சேர முடிந்தது.

நாங்கள் வாழ்கிற ஜேர்மனிக்கு இந்தக் கேள்வி பழையது. 1962 ஒக்டோபரில் ஹம்பேர்க்கின் ஷ்பீகல் சஞ்சிகை, நேட்டோவின் ஒரு போர்ப் பயிற்சியை வைத்து, ஜேர்மன் இராணுவத்தின் தயார்நிலை மிகப் பலவீனம் என்று எழுதியது. ஒக்டோபர் 26 இரவு பொலிஸ் சஞ்சிகையின் அலுவலகத்துக்குள் புகுந்தது. வெளியீட்டாளர் றுடோல்ஃப் அவுக்ஸ்டைன் 103 நாட்கள் சிறையில் இருந்தார். கட்டுரையை எழுதிய கொன்றாட் ஆலர்ஸ் ஸ்பெயினில் விடுமுறையில் இருந்தபோது கைதானார். இது தேசத்துரோகத்தின் பாதாளம் என்று பாராளுமன்றத்தில் முழங்கினார் அரசுத் தலைவர் அடனவர்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். தனக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று சொன்ன பாதுகாப்பு அமைச்சர் ஷ்ட்ரௌஸ், ஸ்பெயினில் அந்தக் கைதுக்குத் தானே தொலைபேசியில் பேசியதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. பதவியும் போனது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 1965இல், விசாரணைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உயர் நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. 1966இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்ததால் ஷ்பீகலின் முறையீடு தோற்றது. ஆனாலும் சுதந்திரமான பத்திரிகை இல்லாமல் ஜனநாயகம் இல்லை என்பதை நிலைநாட்டியது அந்தத் தீர்ப்புத்தான்.

அத்தோடு முடியவில்லை. 2005இல் சிசரோ என்ற சஞ்சிகையின் அலுவலகம் சோதனையிடப்பட்டது. தகவல் கொடுத்தவரைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் பத்திரிகை அலுவலகத்தைச் சோதனையிட முடியாது என்று 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. 2012இல் சட்டமே திருத்தப்பட்டது. உத்தியோக இரகசியத்தை வெளியே கொடுத்த அதிகாரி இன்றும் தண்டிக்கப்படலாம். அதைப் பெற்று, ஆராய்ந்து, வெளியிட்ட பத்திரிகையாளர் அவருக்கு உடந்தை ஆகமாட்டார். ஆனால் தேசத்துரோகச் சட்டம் அப்படியே இருந்தது. 2015இல் நெட்ஸ்பொலிற்றிக் இணையத்தளத்தின் இரண்டு பத்திரிகையாளர்கள் மீது அந்தச் சட்டத்தின்படி விசாரணை தொடங்கியது. எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் வீட்டுக்குப் போனவர் தலைமை வழக்குத் தொடுநர்தான்.

2012இன் அந்தப் பிரிவினை சரியென்றே நான் நினைக்கிறேன். இரகசியம் காப்பேன் என்று கையெழுத்து வைத்துச் சம்பளம் வாங்கியவருக்கு அந்தக் கடமை உண்டு. பத்திரிகை அப்படி ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. அதன் கடமை வாசகருக்கு.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். 2019இல் ரஃபேல் விமானக் கொள்வனவு பற்றிய பாதுகாப்பு அமைச்சின் ஆவணங்களை சென்னையின் இந்து பத்திரிகையில் என். ராம் வெளியிட்டார். அவை திருடப்பட்டவை, 1923ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம் பாயும் என்று அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். அந்த ஆவணங்களைப் பார்க்கவே கூடாது என்ற ஆட்சேபத்தை ஏப்ரல் 10 அன்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மறுஆய்வு மனுக்கள் நவம்பரில் தோற்றன என்பது வேறு கதை. ஆவணத்தைப் பார்த்துத்தான் தோற்றன.

இலங்கையில் 2000ஆம் ஆண்டு ஆனையிறவு விழுந்த பிறகு வந்த தணிக்கை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். யாழ்ப்பாணத்தில் உதயனையும் கொழும்பில் சண்டே லீடரையும் மே மாதத்தில் பூட்டினார்கள். மறைக்கப்பட்ட இரகசியம் எது? இராணுவம் பின்வாங்கியது. அது வன்னியில் குழந்தைக்கும் தெரியும். எதிராளிக்குத் தெரிந்ததைச் சொந்தச் சனத்துக்கு மறைப்பதுதான் பல முத்திரைகளின் வேலை.

இனி எனக்குக் கஷ்டமான இடம். இந்த நாட்டில் தஞ்சம் கேட்டபோது நான் கொடுத்த வாக்குமூலம் ஓர் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. கொழும்பில் என்னை இரண்டு கிழமை ஒளித்து வைத்திருந்த ஒரு குடும்பத்தின் பெயர் அதில் உண்டு. அதுவும் இரகசியக் கோப்புத்தான். நாளைக்கு அது வெளியானால் நான் பத்திரிகைச் சுதந்திரம் பேசுவேனா? மாட்டேன்.

2010இல் அந்தத் தூதரகத் தகவல்களை வெளியிட்ட பத்திரிகைகளில் ஷ்பீகலும் ஒன்று. ஆபத்து வரக்கூடியவர்களின் பெயர்களை அவர்கள் மறைத்தார்கள். 2011 செப்டெம்பரில் விக்கிலீக்ஸ் எல்லாவற்றையும் பெயர்களோடு வெளியிட்டபோது, அதே பத்திரிகைகள் சேர்ந்து கண்டித்தன. சிறைக்குப் பயந்து அல்ல. அது தங்கள் தொழிலின் பொறுப்பு என்பதால். ஒரு சாட்சியின் பெயரை வேண்டுமென்றே வெளியிட்டு அவரை ஆபத்தில் தள்ளுகிறவரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். ஆனால் அது மனிதரைக் காக்கிற சட்டமாக இருக்க வேண்டும். அரசாங்கத்தின் மானத்தைக் காக்கிற சட்டத்தை அந்த வேலைக்கு எடுக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. கொழும்பிலிருந்து போன அதே தொகுப்பில் விடுதலைப் புலிகளைப் பற்றிய கடுமையான தகவல்களும் இருந்தன. பியூட்டெனிஸ் எழுதியதை நானும் நாற்பது பேருக்கு அனுப்பினேன். மற்றவற்றை ஒருவருக்கும் அனுப்பவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்களுக்குப் பிடித்த இரகசியத்தை வெளியிட்டவர் வீரர், பிடிக்காததை வெளியிட்டவர் துரோகி என்றால், அடனவர் சொன்னதற்கும் நாங்கள் சொல்வதற்கும் வித்தியாசம் இல்லை. பத்திரிகைக்கு நாங்கள் கேட்கிற பாதுகாப்பு, எங்களை நோகடிக்கிற பத்திரிகைக்கும் சேர்த்துத்தான்.

இனி உங்கள் கேள்விகள். நேரலையில் இருப்பவர்களும் கேட்கலாம்.