இளவேனிலும் வீட்டுத்தோட்டமும்



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இலக்கிய அரங்கொன்றில் கத்தரி நாற்றைப் பற்றியும் களிமண்ணைப் பற்றியும் பேசுதல் பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். தமிழ்க் கவிதையியலை அறிந்தோரிடம் அவ்வையம் நெடுநேரம் நில்லாது. அகப்பாடலின் முதற்பொருள் நிலமும் பொழுதும் என்றே தொல்காப்பியம் வகுத்தது. அந்நிலத்து மரமும் பூவும் புள்ளும் கருப்பொருள் ஆயின. மனித உணர்வாகிய உரிப்பொருள் அவற்றைச் சார்ந்தே நின்றது. நிலத்தையும் பொழுதையும் நாள்தோறும் கையால் தொட்டறியும் வாய்ப்பு இன்றைய நகர வாழ்வில் அரிதாகிவிட்டது. ரொறன்ரோ போன்ற பெருநகரில் வாழும் தமிழர் பலருக்கு அவ்வாய்ப்பைத் தருவது வீட்டின் பின்புறத்து நான்கு பாத்திகளே. ஆதலால் தோட்டத்தைப் பற்றிய பேச்சு கவிதையைப் பற்றிய பேச்சாகவும் அமையக்கூடும்.

தமிழ் மரபு ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துச் சித்திரை, வைகாசி ஆகிய இரு திங்களை இளவேனிலுக்கு அளித்தது. ஏப்ரல் நடுப்பகுதியில் தொடங்கி ஜூன் நடுப்பகுதியில் முடியும் காலம் அது. தமிழகத்திலும் ஈழத்திலும் அக்காலத்து வெயிலை இளையது என்று சொல்ல எவரும் துணியார். ரொறன்ரோவிலோ அதே இரு திங்களில்தான் மண் உறக்கம் கலைகிறது. வெயில் உண்மையாகவே இளமையோடு வருகிறது. சொல் பிறந்த நிலத்தைக் காட்டிலும் சென்று சேர்ந்த நிலத்தில் அதன் பொருள் நேராகப் பொருந்துவது வியப்புக்குரியது. மற்றொன்றும் கருதத்தக்கது. இளவேனில் பாலைத்திணைக்குரிய பொழுதுகளுள் ஒன்று. பாலையின் உரிப்பொருள் பிரிவு. மாமரம் தளிர்த்தது, குயில் கூவிற்று, சென்றவர் மட்டும் வரவில்லை என்று தலைவி வருந்தும் பொழுது அது. ஊரைப் பிரிந்து வந்தோர் மண்வெட்டியை எடுக்கும் பொழுதும் அதுவாகவே அமைந்துவிட்டது.

இப்பொழுதின் முதற்பிழை அவசரம். ஐந்து திங்கள் வெண்பனியைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு ஏப்ரல் இறுதியில் ஓரிரு நாள் வெப்பம் 20 பாகையைத் தொட்டுவிட்டால் போதும். குளிர்காலம் முடிந்தது என மனம் தீர்ப்பளித்துவிடும். கடையில் கத்தரி நாற்றும் மிளகாய் நாற்றும் அடுக்கியிருக்கும். அன்று மாலையே அவை பாத்திக்கு வந்துவிடும். இரண்டு வாரம் கழித்து, மேகமற்ற ஓர் இரவில், காற்றும் அசையாத வேளையில் தரையின் வெப்பம் வானத்தை நோக்கி வெளியேறும். இலையின் உள்ளிருக்கும் நீர் உறைந்து உயிரணுக்கள் சிதையும். காலையில் பார்த்தால் இலைகள் வெந்நீர் ஊற்றியவை போலத் துவண்டு கறுத்திருக்கும். உறைபனி விழாத ஆண்டிலும் இழப்பு உண்டு. குளிர்ந்த மண்ணில் நட்ட கத்தரி சாவதுமில்லை, வளர்வதுமில்லை. வாரக்கணக்கில் நின்ற நிலையிலேயே நிற்கும். மே இறுதியில் நட்ட நாற்று அதை எளிதில் முந்திவிடும்.

அதனால்தான் இந்நாட்டுத் தோட்டக்காரர் மே 25க்கு முந்திய திங்கட்கிழமையாகிய விக்டோரியா தினத்தை எல்லையாகக் கொள்கின்றனர். அரசியின் பிறந்தநாளுக்கும் கத்தரிக்கும் இயற்கையில் உறவேதும் இல்லை. அந்நாளுக்குப் பின் உறைபனி விழுவது அரிது என்ற நெடுநாள் பட்டறிவு அவ்விடுமுறையின் பெயரில் தங்கிவிட்டது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழியைப் போன்றதே இதுவும். ஆனால் ஆடியைத் தேடி இங்குக் கத்தரியை விதைத்தவர் காய் காணமாட்டார். ஒக்டோபர் குளிர் முந்திக்கொள்ளும். ஒவ்வொரு நிலமும் தன் பழமொழியைத் தானே ஆக்கிக்கொள்கிறது.

இங்கேதான் ஒரு துயரமும் தோன்றுகிறது. ஊரில் ஐம்பது ஆண்டு செம்மண்ணில் பயிர் செய்த கை, கிணற்றில் நீர் உள்ளவரை எப்பொழுதும் ஏதேனும் ஒன்றை நட்டுப் பழகிய கை, இங்கு முதலாண்டிலேயே தோற்கிறது. பேருந்தில் ஏறவும் மருத்துவரிடம் பேசவும் பிள்ளைகளின் துணையை நாடவேண்டிய முதியவருக்குத் தாம் நன்கறிந்த தொழில் என்று எஞ்சியது இது ஒன்றே. அதுவும் பொய்த்தது என்று அவர் கருதும் காலை எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எனினும் தோட்டம் எவரையும் ஒரே ஆண்டில் தள்ளிவிடுவதில்லை. அடுத்த இளவேனிலில் அதே முதியவர் வானத்தைப் பார்த்து, இன்றிரவு மேகமில்லை என்று சொல்லிப் பழைய போர்வைகளை எடுத்துவந்து நாற்றுகளை மூடுகிறார். குளிர்நாட்டு வானத்தை வாசிக்க அவர் கற்றுக்கொண்டுவிட்டார். அக்கல்விக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

இரண்டாம் பிழை சாளரத்தருகே நிகழ்வது. மிளகாய்க்கும் கத்தரிக்கும் இந்நாட்டு வெயிற்காலம் போதாது. எனவே நடுவதற்கு எட்டு வாரம் முன்னரே, மார்ச் மாதத்தில், வீட்டினுள் விதைக்கவேண்டும். அவ்விதைகள் முளைக்க மண்ணின் வெப்பம் 25 பாகைக்குக் குறையாதிருத்தல் நன்று. வெளியே வெண்பனி கிடக்கையில் சமையலறையின் ஓரத்தில் ஒரு வெளிர்பச்சைக் கழுத்து மண்ணை முட்டி நிமிர்வதைக் காணும் மகிழ்ச்சி பெரிது. வீட்டிலுள்ளோர் அனைவரையும் அழைத்துக் காட்டத் தோன்றும் மகிழ்ச்சி அது. ஆனால் சாளரத்து ஒளி செடிக்குப் போதாது. ஒளியைத் தேடித் தண்டு நூல்போல் நீண்டு சாயும். அதைக் கண்டு இரங்கி மேலும் மேலும் நீர் ஊற்றினால், ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துத் தண்டின் அடி அழுகி ஓரிரவில் வீழும். தாகத்தால் செத்த நாற்றுகளைக் காட்டிலும் அன்பால் செத்தவை மிகுதி எனலாம்.

தப்பிய நாற்றை நேரே வெயிலில் வைத்தலும் பிழையே. கண்ணாடிக்குப் பின் வளர்ந்த இலை காற்றையும் அறியாது, கதிரவனையும் அறியாது. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம், பின்னர் இளங்காலை வெயில் என ஏழு முதல் பத்து நாள்வரை மெல்ல மெல்லப் பழக்கவேண்டும். அவ்வாறு பழகிய செடியின் தண்டு தடிக்கும். இலை உரம் பெறும். குளிர்காலம் முழுவதும் வீட்டினுள் காத்த கறிவேப்பிலைக்கும் இதே விதி. முதல் வெயிலிலேயே அதனை முற்றத்தில் நிறுத்தினால் இலை வெளிறி உதிரும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்தபோது செத்தது என்று எறிந்துவிடுவது இன்னும் பெரிய பிழை. தண்டை நகத்தால் சற்றே கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை தெரியும். பச்சை இருக்கும்வரை பொறுத்தல் தகும்.

மூன்றாம் பிழை மண்ணைப் பற்றியது. பனி உருகிய ஈரம் வடியுமுன் களிமண்ணைக் கொத்தினால் அது கட்டி கட்டியாகப் பெயரும், காய்ந்தபின் செங்கல்லாகும். அக்கட்டிகள் அவ்வாண்டு முழுவதும் வேருக்கு இடையூறு செய்யும். ஒரு பிடி மண்ணை அள்ளி அழுத்திப் பார்த்தல் போதும். உருண்டையாக நின்றால் காத்திருத்தல் வேண்டும். விரலால் தொட்டதும் உதிர்ந்தால் தொடங்கலாம்.

காத்திருக்கும் நாளில் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்று எண்ணவேண்டா. குளிரை விரும்பும் பயிர்களும் உள்ளன. பட்டாணி, முள்ளங்கி, பசளி, கொத்தமல்லி, வெந்தயம் ஆகியன ஏப்ரலிலேயே விதைக்கத்தக்கவை. கடுவெயிலில் விரைந்து பூத்து இலை குறைந்துவிடும் கொத்தமல்லி, இங்குள்ள மே மாதக் குளிர்ச்சியில் தழைத்து நிற்கிறது. மிளகாய் நாற்று வெளியே வருமுன்னரே வெந்தயக்கீரை சட்டிக்கு வந்துவிடுகிறது. எதை இழந்தோம் என்று மட்டுமே பார்த்தவருக்குப் புலப்படாத செல்வம் இது.

விதையை அடர்த்தியாகத் தூவுவதும், முளைத்தபின் களைந்து இடைவெளி செய்ய மனம் வராமையும் எல்லோரிடமும் காணப்படும் குறை. முளைத்த ஒவ்வொன்றும் உயிராயிற்றே என்ற இரக்கத்தால் அனைத்தையும் விட்டுவைத்தால் முள்ளங்கி விரலளவுகூடப் பருக்காது. தம் வரிகளைத் தாமே வெட்டியறிந்த கவிஞர்களுக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டாதது.

பூச்செடியிலும் ஒரு பாடம் உண்டு. மே மாதத்தில் மலரும் டியூலிப், முந்திய இலையுதிர்காலத்தில் நட்ட கிழங்கிலிருந்து எழுவது. பூ வாடியதும் அழகில்லை என்று இலையையும் வெட்டிவிடுவோர் பலர். அவ்விலையே அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவைக் கிழங்கில் சேர்த்துவைக்கிறது. அது மஞ்சளாகித் தானே மடியும்வரை விடல் வேண்டும்.

அந்த டியூலிப் இந்நாட்டில் இத்துணைப் புகழ்பெற்ற வரலாறும் இடம்பெயர்ந்தோர் வரலாறே. இரண்டாம் உலகப் போரில் ஒட்டாவாவில் அடைக்கலம் புகுந்த நெதர்லாந்து இளவரசி ஜூலியானா, 1945இல் நன்றியாக 100,000 கிழங்குகளை அனுப்பினார். ரொறன்ரோவின் ஹை பார்க்கில் மக்கள் திரண்டு காணும் செர்ரி மரங்களின் தொடக்கமும் அத்தகையதே. போருக்குப் பின் இடம்பெயர்ந்த ஜப்பானிய வழியினரை இந்நகர் ஏற்றமைக்கு நன்றியாக, 1959இல் டோக்கியோ மக்களின் சார்பில் 2,000 மரங்கள் வழங்கப்பட்டன. இந்நாட்டு இளவேனிலின் அழகில் ஒரு பகுதி வந்தேறியோர் தந்த கொடை.

மிளகாயின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அச்செடி 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியே தமிழ் நிலத்தை அடைந்தது. அதுவரை உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்த தமிழர், புதிதாக வந்த காய்க்குத் தம் பழஞ்சொல்லிலிருந்தே மிளகாய் என்று பெயர் படைத்தனர். இன்று எவரும் அதனை அயலது என்று கருதுவதில்லை. ஊர் நினைவோடு ரொறன்ரோப் பாத்தியில் மிளகாய் நடுபவர், உண்மையில் அதனை அதன் தாய்நிலத்துக்கு அருகே கொண்டுவந்திருக்கிறார். எது சொந்தம், எது அயல் என்ற வினாவுக்கு ஒரு மிளகாய்ச் செடி தரும் விடை எளிதில் மறக்கத்தக்கதன்று.

இனி, கவிஞர்கள் கருதவேண்டியது. ஏப்ரலில் கத்தரி நடுபவர் செய்யும் பிழையைக் கவிதையும் செய்கிறது. ரொறன்ரோவின் இளவேனிலைப் பாடுவதாகத் தொடங்கி மாந்தளிரையும் குயிலையும் கொண்டுவந்து நிறுத்தும் கவிதை, மண்ணின் வெப்பத்தைத் தொட்டுப் பாராமல் நட்ட நாற்று. நினைவைப் பாடும் கவிதையில் குயில் தாராளமாகக் கூவலாம். அது அங்கு வாழ்ந்த பறவை. இங்குள்ள விடியலைப் பாடும் கவிதையிலோ, இருள் பிரியுமுன் வேலியில் அமர்ந்து பாடும் செம்மார்பு ராபின் இடம்பெறல் வேண்டும். இலை தோன்றுமுன் வெறுங்கொம்பில் மஞ்சளாய்ப் பூக்கும் ஃபோர்சித்தியாவும், 1937இல் ஒன்ராறியோவின் மலராக ஏற்கப்பட்ட மூவிதழ் வெண்மலர் டிரில்லியமும் தமிழ்க் கவிதையின் கருப்பொருளாக வருதல் வேண்டும். மிளகாய்க்குப் பெயர் கண்ட மொழிக்கு இவற்றுக்குப் பெயர் காணுதல் அரிதன்று.

அதனால் பழையதைக் கைவிடுதல் வேண்டும் என்பது பொருளன்று. கத்தரி இங்கும் காய்க்கிறது. ஜூன் மாதத்தில் பகற்பொழுது 15 மணி நேரத்துக்கு மேல் நீள்வதால் பாகலும் பயிற்றையும் பந்தலில் விரைந்து ஏறுகின்றன. அவை வேண்டுவன உரிய காலமும், மெல்லப் பழக்கும் பொறுமையுமே. சொல்லுக்கும் அவ்வாறே. ஊரிலிருந்து கொண்டுவந்த சொல்லைச் சாளரத்தருகே மட்டும் வைத்திருந்தால் அது நீண்டு மெலியும்; ஒரே நாளில் வெளியே எறிந்தால் கருகும்.

வட்டத்தின் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள் பொருத்தமாகும். தோட்டம் உள்ள ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்தல் நன்று. கடைசி உறைபனி விழுந்த நாள், முதல் ராபின் பாடிய நாள், வெந்தயம் முளைத்த நாள், மிளகாய் நட்ட நாள் ஆகியவற்றைத் தமிழில், தமிழ்த் திங்களோடு சேர்த்து எழுதிவைக்கலாம். தவறியவற்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். முதியவர் சொல்லப் பேரப்பிள்ளை எழுதினால் இன்னும் சிறப்பு. பாகல், பயிற்றை, பசளி என்னும் பெயர்களை அக்குழந்தை ஏட்டிலன்றி இலையிலேயே கற்றுக்கொள்ளும். பத்தாண்டு கழித்து அக்குறிப்பேடுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால், இந்நிலத்தின் பெரும்பொழுதுகள் தமிழில் எழுதப்பட்டிருக்கும். முதற்பொருள் அமைந்தபின் கவிதைக்குப் பஞ்சமிராது.