கேமரன் மலையில் யாருக்கு வீடு, எந்த மண்ணில்?

யாருடைய நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தப் பெரியவர் தோட்டப் பள்ளி ஆசிரியர்; லயம் என்ற தொழிலாளர் வரிசைவீடுகளின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். அவருடைய தொண்டை எனக்கு முன் பேசியவர்கள் நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். நான் நேரே பொருளுக்கு வருகிறேன்.

கேமரன் மலையில் புதிய வீட்டுத் திட்டங்களை எதிர்ப்பவர்கள் யார்? இந்த அவைக்கு இது புதிய கேள்வி அல்ல. கருத்தரங்குகளில் என்னோடு பலமுறை மோதிய நண்பர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் கட்சி இது: குளிருக்காகவும் காட்சிக்காகவும் மலையேறி வந்து இடம் பிடித்தவர்கள், தமக்குப் பின்னால் வேறு யாரும் வந்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்துகிறார்கள், பசுமை என்பது அவர்கள் தூக்கிப் பிடிக்கும் பதாகை. தோட்டத் தமிழனுக்கு வேண்டியது வீடு. அவன் இந்த எதிர்ப்பில் சேர்ந்தால் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறான். தவிரவும், தேயிலையே காட்டை அழித்து வந்ததுதானே, அதைக் காப்பாற்ற என்ன இருக்கிறது?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தேயிலை காட்டை அழித்து வந்தது உண்மைதான். 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்காக இந்தப் பக்கம் வந்தபோது இருந்தது காடு. காட்டில் இருந்தவர்கள் ஓராங் அஸ்லி மக்கள். 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே மலைவாசத்தலம் என்ற திட்டம் உருப்பெற்றது. 1929இல் ஜே.ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது வெட்டப்பட்டது கன்னிக்காடு. வெட்டியதிலும் நட்டதிலும் நம்மவர் கை இருந்தது. இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் காடு போன பிறகு அந்தச் சரிவை இத்தனை தலைமுறையாகப் பிடித்து வைத்திருப்பது தேயிலையின் வேர். நெருக்கமாக நட்ட செடி நிலத்தை மூடிக்கொள்கிறது. மழைத்துளி நேரே மண்ணில் அடிப்பதில்லை. கவாத்து செய்த கிளைகள் அங்கேயே கிடந்து மக்குகின்றன. அடியில் இருப்பதோ கருங்கல் நொறுங்கி ஆழமாகச் சிதைந்த மணற்பாங்கான மண். மேல்மூடி கிழிந்தால் அது தண்ணீரோடு நடந்துவிடும். காட்டுக்கு ஈடாகத் தேயிலையை நான் சொல்லவில்லை. அந்தச் சரிவில் இன்று மிச்சமிருக்கும் பிடிமானம் அது என்றே சொல்கிறேன்.

இனி ரிங்லெட் அணைக்குக் கீழே உள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்குக்கு வருகிறேன். என் வாதம் முழுவதும் அந்த ஒரு பள்ளத்தாக்கில் அடங்கியிருக்கிறது. அதற்கு நேரம் எடுத்துக்கொள்வதை அவை பொறுத்தருள வேண்டும்.

தாப்பாவிலிருந்து மலையேறுபவர்களுக்கு ரிங்லெட் தாண்டியதும் ஏரி ஒன்று தென்படும். சுல்தான் அபு பக்கார் அணை கட்டி, 1963இல் நிறைவேறிய நீர்மின் திட்டத்தின் தேக்கம் அது. தெலோம் ஆற்று நீரும் சுரங்கவழி பெர்த்தாம் ஆற்றில் சேர்ந்து இந்தத் தேக்கத்துக்கு வருகிறது. இங்கிருந்து மலையைக் குடைந்த குழாய் வழியே பேராக் பக்கம் ஜோர் மின்நிலையத்துக்கு இறங்குகிறது. அதாவது பிரிஞ்சாங்கில், தானா ராத்தாவில், திரிங்காப்பில், கம்போங் ராஜாவில் எங்கே சரிவைக் கீறினாலும் கரைந்த மண்ணில் ஒரு பங்கு கடைசியில் வந்து படிவது இந்த ஒரே இடத்தில்தான். ஏரிக்கரையில் நின்று பாருங்கள். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். ஒரு மூலையில் ஆகாயத்தாமரை படர்ந்திருக்கும். மண்வாரி ஒன்று சேற்றை அள்ளி அள்ளிக் கரையில் கொட்டும். லாரி அதை ஏற்றிக்கொண்டு போகும். அடுத்த மழையில் அள்ளிய இடம் மறுபடியும் தூர்ந்துவிடும்.

தூர்ந்த தேக்கம் என்ன செய்யும்? மழையை வாங்கிக்கொள்ள அதனிடம் இடம் இருக்காது. கேமரன் மலையில் ஆண்டுக்கு இரண்டு பெருமழைக்காலம். இரண்டாவது அக்டோபர், நவம்பர். 2013 அக்டோபர் 22 இரவு மழை பிடித்துக்கொண்டது. நீர்மட்டம் அபாய அளவை நெருங்கியது. அணை உடைந்தால் பேரழிவு. ஆகவே நள்ளிரவுக்குப் பின் கதவுகளைத் திறந்து தண்ணீரை விட்டார்கள். அணைக்குக் கீழே பள்ளத்தாக்கில் பெர்த்தாம் ஆறு என்ன நிலையில் இருந்தது? ஆற்றோர ஒதுக்கு நிலம் வரை காய்கறித் தோட்டமும் குடியிருப்பும் நெருங்கி, ஆறு தன் அகலத்தை இழந்திருந்தது. வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. அது வீடுகளுக்குள் புகுந்தது. தூக்கத்தில் இருந்தவர்கள் சேற்றில் அகப்பட்டார்கள். உயிர்கள் போயின. 80 வீடுகள் அளவில் சேதம். வண்டிகள் தலைகீழாகக் கிடந்த படங்களை நாம் எல்லோரும் நாளிதழ்களில் பார்த்தோம். ஓராண்டு கழிந்து, 2014 நவம்பர் 5இல் ரிங்லெட் பகுதியில் மறுபடியும் மண்சரிவும் சேற்று வெள்ளமும், மறுபடியும் உயிர்ப்பலி. அதன் பிறகே ‘ஓப்ஸ் காடிங்’ என்ற பெயரில் சட்டவிரோதமாக நிலத்தை வெட்டித் திருத்துவதை அடக்க அரசு பல துறைகளைச் சேர்த்துக்கொண்டு மலையேறியது.

நண்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். மண்ணைக் கரைத்ததில் பெரும்பங்கு அனுமதியில்லாத காய்கறித் தோட்டங்களுக்கும் பிளாஸ்டிக் கூடாரங்களுக்கும். வீடுகளை ஏன் இழுக்கிறீர்கள் என்பார்கள். பெரும்பங்கு விவசாயத்துடையதே, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மண்வாரி கீறிய சரிவுக்கு அது முட்டைக்கோசுக்கா அடுக்குமாடிக்கா என்று தெரியாது. அடுக்குமாடிக்கு வெட்டுவது இன்னும் ஆழமான வெட்டு; அதற்குப் பாதை, வாகன நிறுத்துமிடம், கழிவுநீர் எல்லாம் சேர வேண்டும்; சிமெண்டு போட்ட இடம் மழையில் ஒரு சொட்டைக்கூட உள்வாங்காது. தோட்டத்தைக் கைவிட்டால் புல்லாவது முளைக்கும்.

இப்போது, எதிர்ப்பவர்கள் யார் என்ற என் முதல் கேள்விக்குத் திரும்பலாம். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்றைக் கழுவி ஊற்றியவர்கள் யார்? வார இறுதிக்கு மலையேறும் கோலாலம்பூர்க்காரர்களா? இல்லை. தோட்டக் கூலிகள், காய்கறிப் பண்ணை ஆட்கள், சிறுகடைக்காரர்கள், ஓய்வுபெற்றவர்கள். மேட்டு நிலத்தில் புதிய கட்டடத்துக்கு அனுமதி கிடைத்தது என்று கேட்டால் இவர்களுக்கு வயிறு கலங்குகிறது. அது காட்சி மறைகிறது என்ற கவலை அல்ல. 2001இல் தொடங்கிய ‘ரீச்’ என்ற உள்ளூர்ச் சுற்றுச்சூழல் அமைப்பு இத்தனை ஆண்டுகளாக ஆற்று நீரையும் சரிவையும் பற்றியே பேசிவருகிறது. இந்த எதிர்ப்பை வசதியானவனின் சுயநலம் என்று எழுதுகிற ஆய்வாளர், மேட்டில் நின்றுகொண்டே ஊரைப் பார்த்திருக்கிறார். கீழ்வீட்டுக்காரரிடம் அவர் ஒரு நாள் உட்கார்ந்து பேசியிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். கடுமையாகச் சொல்கிறேன், ஏனெனில் அந்த எழுத்துகள் திட்டக் கோப்புகளில் மேற்கோளாகப் போய்ச் சேருகின்றன.

தோட்டத் தமிழனுக்கு வீடு வேண்டும் என்பதில் எனக்கும் அந்த நண்பர்களுக்கும் இம்மியளவும் வேறுபாடு இல்லை. போ தோட்டத்திலும் சுங்கை பாலாஸிலும் புளூ வேலியிலும் தமிழ்ப்பள்ளி நிலைக்கக் காரணமானவை தோட்டத் தமிழர் குடும்பங்களே. 1990ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது, உரிமையைத் தரவில்லை. லயத்து வீடு முதலாளியுடையது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. பிரதமர் துன் அப்துல் ரசாக் காலத்திலேயே பேசப்பட்ட தோட்டத் தொழிலாளர் வீட்டுடைமைத் திட்டம் எத்தனை தோட்டங்களில் நிறைவேறியது என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த வீட்டுப் பசியைக் காட்டித்தான் மேம்பாட்டாளர்கள் அனுமதி கேட்கிறார்கள்.

கோலாலம்பூரின் தாமான் ரிம்பா கியாரா பூங்கா வழக்கை நினைவுபடுத்துகிறேன். புக்கிட் கியாரா தோட்டத்திலிருந்து 1980களின் தொடக்கத்தில் பெயர்க்கப்பட்ட சுமார் 100 குடும்பங்கள் நெடுவீடுகளில் வைக்கப்பட்டன. நிரந்தர வீடு வரும் என்ற வாக்கு அவர்களோடு முதுமை அடைந்தது. 2017இல் பூங்கா நிலத்தில் ஒரு திட்டத்துக்கு அனுமதி தரப்பட்டது: 350 மலிவு விலை வீடுகள், கூடவே 1,766 சொகுசுக் குடியிருப்புகள். அருகிலுள்ள தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் எதிர்த்தபோது, ஏழைத் தமிழன் வீட்டை வசதியானவன் தடுக்கிறான் என்று நம் நண்பர்கள் எழுதினார்கள். ஆனால் எதிர்த்தவர்கள், நெடுவீட்டு மக்களுக்கு அவர்கள் இருக்கும் இடத்திலேயே வீடு கட்டித் தாருங்கள் என்றுதான் சொன்னார்கள். 2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதியைச் செல்லாது என்றது. நகரின் அமைப்புத் திட்டத்திலிருந்து காரணம் காட்டாமல் விலக முடியாது என்பது தீர்ப்பின் சாரம். 100 குடும்பத்தை முன்னே நிறுத்தி அவர்களுக்குப் பின்னால் எத்தனை வீடுகள் எழவிருந்தன என்ற கணக்கைப் பாருங்கள். கேமரன் மலையிலும் இதே கணக்கைத்தான் போட வேண்டும்.

சட்டத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் இல்லை. இங்கிலாந்தில் 1938லேயே லண்டனைச் சுற்றிய பசுமை வளையத்துக்குச் சட்டம் இயற்றினார்கள். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. நிலம் மாநில அதிகாரம். தேயிலை நிலம் விவசாய நிலம் என்று பதிவானது. வகை மாற்றம் கிடைத்தால் கட்டட நிலம். 1960ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டம் மலை நிலத்தைப் பற்றிப் பேசுகிறது; அதைச் செயல்படுத்துவது மாநில அரசின் கையில். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, உள்ளூர்த் திட்டம் இருக்கும் இடத்தில் அண்டை நிலத்தாருக்கு அறிவிப்புத் தர வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே எதிர்க்க வேண்டியவன் உள்ளூர்த் திட்டம் வரைவாக இருக்கும்போதே எதிர்க்க வேண்டும். லயத்தில் இருப்பவனுக்கு அந்த வரைவை யார் தமிழில் காட்டுகிறார்கள்?

மலைச்சரிவை ஒட்டி நின்ற ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி 1993 டிசம்பர் 11இல் சரிந்து 48 பேர் இறந்ததை இங்கே சேர்த்துப் பேச வேண்டும். அதை அச்சுநூலில் விரிக்க முயல்கிறேன்.

இனி ஆய்வு மாணவர்களுக்குச் சில வேலைகள். ரிங்லெட், தானா ராத்தா, உலு தெலோம் ஆகிய மூன்று முக்கிம் என்னும் நிலப் பிரிவுகளிலும் வகை மாற்றம் பெற்ற நிலங்களை நில அலுவலகப் பதிவுகளிலிருந்து ஒருவர் திரட்டலாம். ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிலாளர்கள் எங்கே போய்க் குடியேறினார்கள் என்று தோட்டம் தோட்டமாகக் கேட்டு எழுத வேண்டும், தெரிந்தவர்கள் முதுமையடைந்துவிட்டார்கள். ஓராங் அஸ்லி இனத்தவரான செமாய் மக்களின் நில உரிமைக் கோரிக்கையும் தமிழர் வீட்டுக் கோரிக்கையும் எங்கே இணைகின்றன, எங்கே மோதுகின்றன என்பதைத் தொட நம்மில் யாரும் துணியவில்லை. ஏற்கெனவே சமதளமாக்கி வைத்திருக்கும் இடங்கள், பழைய லய மனைகள், பயன்படாத கொட்டகை நிலங்கள் எவ்வளவு என்று அளந்தால், புதிதாக ஒரு சரிவையும் தொடாமல் தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடு தர முடியுமா என்ற கேள்விக்குக் கையில் விடை இருக்கும். நில அளவைத் துறை மாணவர் யாராவது முன்வந்தால் என்னிடம் உள்ள பழைய வரைபடங்களைக் கொடுக்கிறேன். மழைப்பதிவுகளும் தேவை, தோட்ட அலுவலகங்களில் அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.