மரத்தை வாடவிடும் கலை

ஸ்பெயின் போன்ற நாடுகளில் ஆரஞ்சு மரத்துக்கு ஓய்வு தருவது பனிக்காலம். வெப்பம் 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அதன் வளர்ச்சி அடங்கிவிடும். வெயில் திரும்பியதும் மரம் முழுக்க ஒருசேரப் பூக்கும். வெப்ப நாடுகளில் அந்தக் குளிர் ஏது? மரம் ஆண்டெல்லாம் துளிர்க்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும், அறுவடையும் சிதறிப்போகும்.

இதற்கு நாகபுரி ஆரஞ்சு உழவர்கள் கண்ட மாற்று, தாகம். தண்ணீரை நிறுத்தி மரத்தை வாடவிடுகிறார்கள். டிசம்பரில் வாட்டி, ஜனவரி, பிப்ரவரியில் பூக்கவைப்பது அம்பியா பஹார் (பஹார் என்றால் பூப்பருவம்). மே மாத வெயிலில் வாட்டி, ஜூன் மழையோடு பூக்கவைப்பது மிருக் பஹார். அம்பியாவின் பிஞ்சுகள் கோடையைக் கடக்கவேண்டும். அதற்குக் கிணற்றில் தண்ணீர் வேண்டும். மிருக் பஹாரின் பிஞ்சுகள் மழையிலேயே வளரும். ஆகவே எதைத் தேர்வதென்று கிணறே பெரும்பாலும் சொல்லிவிடும்.

எத்தனை நாள் வாட்டுவது? இங்கேதான் கைத்திறன் இருக்கிறது. கரிசல் மண் ஈரத்தை விடாது, பொறுத்திருக்கவேண்டும். மணற்பாங்கான நிலத்தில் சில வாரமே போதும். இலை பளபளப்பு இழந்து, சுருண்டு, உதிரத் தொடங்கும்போது வாட்டுவதை நிறுத்திவிடவேண்டும். பிறகு மண்ணைக் கொத்தி, எருவிட்டு, முதல் தண்ணீரை அளவாகப் பாய்ச்சி, படிப்படியாகக் கூட்டவேண்டும்.

மருந்தோ இயந்திரமோ இல்லாமல் மரத்தின் பருவத்தையே மாற்றும் இந்த முறை பாராட்டுக்குரியது. ஆனால் எல்லையும் உண்டு. நடுவே ஒரு மழை பெய்தால் வாட்டியதெல்லாம் வீண். எலுமிச்சை கோடையில் விலையேறுவதற்கும் இது ஒரு காரணம்: ஏப்ரல், மே மாதங்களில் காய் பறிக்க, செப்டம்பர், அக்டோபரில் பூ வேண்டும், அதற்கு முந்தைய மாதங்களோ பல ஊர்களில் மழைக்காலம். குளிரின் எல்லா வேலையையும் தாகம் செய்துவிடாது. இரவுக் குளிர் இல்லாத இடத்தில் பழுத்த ஆரஞ்சும் பச்சைத் தோலோடுதான் நிற்கும்.

மெலிந்த மரத்தைப் பட்டினி போட்டால் நுனிக்கிளைகள் காய்ந்து, மரமே நலியும். ஆகவே விவசாயிகளே, முதலில் மரத்தைத் தேற்றுங்கள், பிறகு வாட்டுங்கள். ஓராண்டில் இரண்டு பஹாருக்கு ஆசைப்படாதீர்கள். வாங்குவோரே, தோல் பச்சை என்பதற்காக ஆரஞ்சை ஒதுக்காதீர்கள்.