எடை இறங்காமல் நின்றுவிட்டால் சாப்பாட்டை இன்னும் குறைக்காதீர்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குப் பத்து நிமிடம்தான் என்று செயலாளர் சொல்லிவிட்டார். அடுத்து மெயின்டனன்ஸ் பாக்கி, தண்ணீர் லாரி என்று பெரிய விஷயங்கள் இருக்கின்றன. அதனால் நேராக வருகிறேன்.

காலையில் நம் வளாகத்தைச் சுற்றி நடப்பவர்களில் பலர் எடை குறைப்பதற்காக நடப்பவர்கள். அவர்கள் அடிக்கடி சொல்வது இது: "முதல் மூணு மாசம் நல்லா இறங்கிச்சு சார். இப்போ ஒரு மாசமா அசையவே மாட்டேங்குது." அடுத்து என்ன செய்கிறார்கள்? மூன்று இட்லி இரண்டாகிறது. இரவுச் சாப்பாடு ஒரு டம்ளர் மோராகிறது. கொஞ்ச நாளில் படியேறும்போது தலை சுற்றுகிறது, ராத்திரி தூக்கம் வருவதில்லை, வீட்டில் எல்லோரிடமும் எரிச்சல். எடை மட்டும் அங்கேயே நிற்கிறது.

இந்த நிலையில் இன்னும் குறைப்பது சரியான வழியல்ல. கணக்குப் பார்த்து, சில நாட்களுக்குச் சாப்பாட்டைக் கூட்டுவதுதான் பலருக்கு நல்லது. நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்து வங்கியில் கணக்கு எழுதியவன். ஆனால் இதில் பெரும்பகுதி கணக்குதான். நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு 60 வயது, 155 செ.மீ. உயரம், 70 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். உணவியல் நிபுணர்கள் பயன்படுத்தும் மிஃப்லின் சூத்திரத்தின்படி, சும்மா படுத்திருந்தாலே அவர் உடம்புக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,210 கலோரி செலவாகும். வீட்டு வேலை, கொஞ்சம் நடை எல்லாம் சேர்த்தால் சுமார் 1,700. அவர் 1,300 கலோரி சாப்பிட்டால் தினமும் 400 துண்டு விழும். உடம்பு அதைக் கொழுப்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். எடை இறங்கும்.

இப்போது அவர் 62 கிலோவுக்கு வந்துவிட்டார். உடம்பு சிறியதானதால் அதன் மொத்தச் செலவும் 1,580 ஆகக் குறைந்துவிட்டது. அதே 1,300 சாப்பிட்டால் துண்டு 280 மட்டுமே. அதோடு குறைவாகச் சாப்பிடுகிறவர் தன்னை அறியாமலே குறைவாக அசைகிறார். படியேறியவர் லிஃப்டுக்குப் போகிறார். நின்று பேசியவர் நாற்காலி தேடுகிறார். துண்டு 150 ஆகிவிட்டது என்று வையுங்கள். மாதத்துக்கு 4,500 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. ஆக மாதத்துக்கு அரை கிலோ சொச்சம்தான் இறங்கும். உடம்பில் இருக்கும் தண்ணீரே நாளுக்கு நாள் ஒரு கிலோ கூடிக் குறையும். எடை மெஷினில் அந்த அரை கிலோ எப்படித் தெரியும்?

இன்னும் இறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், பட்டினியில் வாடியவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிய, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் நடத்தியது. ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். 24 வாரம் நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. உடல் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு போனது. ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடம்பு செய்யும் செலவும் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. எப்போதும் குளிர், சோர்வு, சாப்பாட்டு நினைவு. பலருக்குக் காலில் நீர் கோத்து வீங்கியது. வருமானம் குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குவது போல உடம்பும் சுருக்கிக்கொள்கிறது. நம் டயட் அவ்வளவு கடுமையானது அல்ல. ஆனால் போகும் திசை அதுதான்.

சரி, என்ன செய்வது? மூன்று படிகள்.

முதல் படி, டேலி பார்ப்பது. ஒரு வாரம் வாயில் போட்டதை எல்லாம் எழுதுங்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரி, ஒரு டீஸ்பூன் சர்க்கரை 20. தோசைக்கு ஊற்றியது, மூன்று காபியில் போட்டது, டிவி பார்க்கும்போது ஒரு கை மிக்சர் எல்லாம் வர வேண்டும். 1992-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், "எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை" என்ற சிலரைச் சோதித்தார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்தது நாளுக்குச் சுமார் 1,000 கலோரி. உண்மையில் சாப்பிட்டது 2,000-க்கு மேல். அவர்கள் பொய் சொல்லவில்லை, கண் அளவு தவறியது. உங்கள் கணக்கிலும் இப்படி வித்தியாசம் வந்தால், கூட்ட வேண்டாம். அதைச் சரி செய்தாலே போதும்.

இரண்டாம் படி, டேலி ஆகிவிட்டது, மாதக்கணக்கில் குறைவாகத்தான் சாப்பிடுகிறீர்கள் என்றால், இரண்டு வாரம் இப்போதைய எடைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு சாப்பிடுங்கள். நம் உதாரணத்தில் 1,580, அதாவது இப்போது சாப்பிடுவதைவிட 280 கூடுதல். ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு சிறு கை வேர்க்கடலை, அவ்வளவுதான். முட்டை சாப்பிடாதவர்களுக்குச் சுண்டல். ஜாங்கிரிக்கும் பஜ்ஜிக்கும் இது அனுமதிச் சீட்டு அல்ல. ஐ.சி.எம்.ஆர். சொல்லும் புரத அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 62 கிலோ என்றால் 51 கிராம். இட்லியும் மோரும் மட்டும் சாப்பிட்டால் அது வராது. புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் போகும். நம் வயதில் போன தசை எளிதில் திரும்பாது. நாளை கீழே விழுந்தால் தாங்கிப் பிடிக்கப்போவது அந்தத் தசைதான்.

முதல் சில நாட்களில் மெஷின் ஒரு கிலோ கூடக் காட்டலாம். பயந்து நிறுத்திவிடாதீர்கள். உடம்பு மாவுச்சத்தைச் சேமிக்கும்போது அதோடு தண்ணீரையும் சேர்த்து வைக்கும். ஒரு கிலோ கொழுப்பு ஏற, தேவைக்கு மேல் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். நீங்கள் தேவைக்கு மேல் சாப்பிடவே இல்லையே!

மூன்றாம் படி, இரண்டு வாரம் முடிந்ததும் பழைய அளவுக்குத் திரும்புவது. ஆஸ்திரேலியாவில் உடல் பருமன் உள்ள 51 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள்; 2017-ல் வெளியானது. ஒரு குழு 16 வாரம் தொடர்ந்து குறைத்தது. இன்னொரு குழு இரண்டு வாரம் குறைத்து, இரண்டு வாரம் சமமாகச் சாப்பிட்டு, அதே 16 வார டயட்டை முடித்தது. தொடர்ந்து குறைத்தவர்கள் சுமார் 9 கிலோ இழந்தார்கள். விட்டு விட்டுக் குறைத்தவர்கள் 14 கிலோ. எல்லோருக்கும் இப்படி வரும் என்று சொல்ல மாட்டேன். உடற்பயிற்சி செய்பவர்களிடம் பின்னர் நடந்த சோதனையில் எடையில் வித்தியாசம் இல்லை. பசி மட்டும் குறைந்திருந்தது. அதுவே லாபம்தான். பசி தாங்க முடியாமல்தானே பாதிப் பேர் டயட்டை விடுகிறோம்?

இந்த நாட்களில் நடையோடு, நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்திருங்கள். மெஷினைவிட இஞ்சி டேப்பை நம்புங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. எடை நின்றாலும் இடுப்பு குறைந்துகொண்டிருந்தால், நீங்கள் நிற்கவில்லை.

கடைசியாக ஒன்று. சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சிறுநீரகம், இதயப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முயற்சி எதுவும் செய்யாமலே எடை இறங்கினால் சந்தோஷப்படாமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

இன்று இரவு மோரோடு படுக்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து இரண்டு இட்லி, நிறையப் பருப்பு போட்ட சாம்பாரோடு சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். நாளை காலை கணக்கைத் தொடங்கலாம்.