மேற்பூச்சுக்கு முன்னே

பட்டினப்பாக்கத்தில் பல வீடுகளின் உட்சுவரைத் தொட்டால் வெண்பொடி விரலில் ஒட்டும். சில மாதங்களுக்கு முன் பூசிய பூச்சும் பொருக்குப் பொருக்காக உதிரும். மேற்பூச்சு மட்டம் என்று கொத்தனாரை ஏசுகிறோம். குற்றமோ பெரும்பாலும் அதன் அடியில் இருக்கிறது. கடற்காற்றும் கழுவாத மணலும் தந்த உப்பு, ஈரத்தில் கரைந்து சுவரின் முகத்துக்கு வருகிறது; நீர் உலர்ந்ததும் படிகமாகிப் பூச்சைத் தள்ளிப் பெயர்க்கிறது.

ஆதலால் சிமெண்டு அடிப்பூச்சு இறுகுமுன்பே கரண்டி முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட வேண்டும். அக்கீறல்களே மேற்பூச்சுக்குப் பிடிப்பு. ஒரு வாரமேனும் நீர் தெளித்து, பிறகு உலரவிட்டு, பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுக்க வேண்டும். நீர்விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே புகுந்துவிடும். அவசரக்காரர் செய்வது இதைத்தான். விரல்முட்டியால் தட்டும்போது பொள்ளலோசை கேட்கும் இடத்தைக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

பழைய சென்னையின் கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு பளிங்கெனப் புகழ் பெற்றது. அதன் கடைசி அடுக்கில் சேர்த்த முட்டை வெண்கருவைப் பற்றி எல்லாரும் பேசுவர். கீழே தாங்கிய அடுக்குகளை எவரும் நினைப்பதில்லை!

மேற்பூச்சுக்குச் சற்று முன் சுவரை நனைக்க வேண்டும். ஆனால் நீர் வழியலாகாது. காய்ந்த சுவர் பூச்சின் நீரை உறிஞ்சிவிட, அது இறுகாமலே பொடியாகும். ஐப்பசி கார்த்திகை மழையில் இவ்வேலையைத் தொடங்காதீர்கள். தை பிறந்து, சுவர் நன்கு உலர்ந்தபின் கொத்தனாரை அழைக்கலாம்.